அழுகையே வரவில்லை, நான் இனி நர்ஸாக இருக்கலாமா?

(கேள்வி அனுப்பியவர் அரசு மருத்துவமனைச் செவிலியர். ஊரும் அடையாளம் தெரியக்கூடிய மற்ற விவரங்களும் மாற்றப்பட்டுள்ளன. பதில் எழுதுபவர் மனநல மருத்துவர்.)

வாசகியின் நீண்ட கடிதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 36. கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், ஒன்பது வயதில் ஒரு மகள். எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி ஒப்பந்தச் செவிலியராகச் சேர்ந்து, பிறகு பணி நிரந்தரம் பெற்றவர். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், கோவிட் வார்டில் நைட் டூட்டி பார்த்திருக்கிறார். 28 படுக்கைகளுக்கு இரண்டே செவிலியர்கள். ஒரு நாள் இரவு, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, "பையன்கிட்ட ஒருக்கா வீடியோ கால் போட்டுக் குடு கண்ணு" என்று கேட்டிருக்கிறார். அதே நேரம் ஆக்சிஜன் லைனில் அழுத்தம் குறைந்து, பக்கத்துப் படுக்கைக்காரரை அவசரமாக சிலிண்டருக்கு மாற்ற வேண்டியிருந்தது. "பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வேலையை முடித்துத் திரும்பும்போது அந்த அம்மாவுக்கு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) சரியத் தொடங்கியிருந்தது. விடிவதற்குள் இறந்துவிட்டார். அந்த வீடியோ கால் போடப்படவே இல்லை.

இப்போது அவர் பொது மருத்துவ வார்டில் இருக்கிறார். போன மாதம் ஓர் இளைஞர் இறந்து, குடும்பமே கதறியபோது, தமக்குள் எதுவுமே அசையவில்லை என்கிறார். கேஸ் ஷீட்டை எழுதி முடித்துவிட்டு, அடுத்த அட்மிஷனுக்குப் படுக்கையைத் தயார்செய்யச் சொல்லியிருக்கிறார். "உங்களுக்கு மனசு இரும்பு சிஸ்டர்" என்று கூட இருந்த இளம் செவிலியர் சொன்னது தைத்துவிட்டது. வீட்டில் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் ரத்தத்தோடு ஓடி வந்தபோது, "சரி, போய்க் கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு, அப்புறம் தம்மை நினைத்தே பயந்திருக்கிறார். மானிட்டர் அலாரம் மாதிரி எந்தச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு படபடக்கிறது. பழைய கோவிட் பிளாக் வழியாக நடப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். தோழி ஒருவர் கொடுத்த, பதற்றம் தணிக்கும் அல்ப்ரசோலம் மாத்திரையைச் சில மாதங்களாகத் தினமும் இரவில் போட்டுக்கொள்கிறார்.

அவர் கேட்பவை இவை. இரக்கமே போய்விட்ட நான் இந்த வேலையில் நீடிக்கலாமா, இல்லை ராஜினாமா செய்துவிடலாமா? மனநல மருத்துவரைப் பார்த்தால் வேலைக்கும் நர்சிங் கவுன்சில் பதிவுக்கும் ஆபத்து வருமா? அந்த அம்மாவின் மகனைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்கலாமா? கூட வேலை பார்த்த எல்லோரும் மறந்துவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் இப்படி?

அன்புள்ள சகோதரி,

அந்த அம்மா கையில் கிடந்த கண்ணாடி வளையல், ஜிப் கவரில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருந்த போன், மகன் பெயரை அவர் சொன்ன விதம் என்று எல்லாவற்றையும் உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். முகம் தெரியாத அந்த மகனுக்காக இன்றும் தவிக்கிறீர்கள். இரக்கம் வற்றிப்போன ஒருவர் எழுதும் கடிதம் இப்படி இருக்காது. உங்களுக்கு நேர்ந்திருப்பது வேறு. அதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. அதற்கு முன்னால் அந்த இரவைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மனம் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

அந்தப் பத்து நிமிடம்

"ஒரு போன் போட்டுக் கொடுக்க முடியாதவளா நான்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹெச்.எஃப்.என்.சி. கருவியில் இருந்தார் என்கிறீர்கள். அந்தக் கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை ஆக்சிஜன் இழுக்கும். ஒரு ஜம்போ சிலிண்டரில் இருப்பது சுமார் 7,000 லிட்டர். முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. லைனில் அழுத்தம் விழுந்த நேரத்தில் நீங்கள் நகர்ந்திருந்தால் அவர் நிமிடக் கணக்கில் போயிருப்பார். பாதுகாப்பு கிட் போட்ட உடம்பு, வியர்வையில் பனித்துப்போன கண்ணாடி, இரட்டைக் கையுறைக்குள் வழுக்கும் ஸ்பேனர். அந்த நிலையில் எந்தச் செவிலியரும் எடுத்திருக்க வேண்டிய முடிவைத்தான் நீங்கள் எடுத்தீர்கள்.

இன்னொன்று. "நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க, நான்தான் கவனிக்கலை" என்கிறீர்கள். கொரோனாவில் மருத்துவர்களையே திகைக்க வைத்தது இதுதான். ஆக்சிஜன் அளவு மிகக் குறைந்த பிறகும் நோயாளி மூச்சுத் திணறல் இல்லாமல் பேசுவார், காபி கேட்பார், திடீரென்று சரிவார். உலகம் முழுக்க வார்டுகளில் இதைப் பார்த்தோம். அவர் பேசிக்கொண்டிருந்ததால் நேரம் இருக்கிறது என்று நீங்கள் நினைத்ததில் தவறில்லை.

தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதுதான் நியாயமான கணக்கு. நீங்கள் இரண்டு பேர் 28 பேரைப் பார்த்தீர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கன் குழுவினர் செய்து 2002-ல் வெளியான ஆய்வு பெருந்தொற்றெல்லாம் இல்லாத சாதாரண காலத்தைப் பற்றியது. அதிலேயே, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. செவிலியர் வேலைச்சோர்வில் விழும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. ஆள் பற்றாக்குறை உங்கள் குணக்கேடு ஆகாது. ஆனால் அந்தப் பற்றாக்குறையின் முழுப் பாரத்தையும் நீங்கள் ஒருவரே உங்கள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும், சூழ்நிலை அதைச் செய்யவிடாதபோது ஏற்படும் வேதனையைப் பற்றி அமெரிக்க அறவியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-லேயே எழுதினார். செவிலியர்களை மனதில் வைத்துத்தான் எழுதினார். அறவேதனை என்று சொல்லலாம். இதில் ஒரு கொடுமை உண்டு. மனசாட்சி உள்ளவருக்குத்தான் இது வரும், வந்த பிறகு அவரே தம்மை மனசாட்சி இல்லாதவர் என்று நினைத்துக்கொள்வார்.

சேர்ந்து அழுவதும் பார்த்துக்கொள்வதும்

நோயாளியோடு சேர்ந்து அழுதால்தான் நல்ல நர்ஸ் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. அதை மெதுவாகக் கேள்வி கேட்க விரும்புகிறேன். அடுத்தவர் வலியை நம் வலியாகவே உணர்வது ஒன்று. அவர் வலி குறைய வேண்டும் என்ற அக்கறையோடு அருகில் நிற்பது இன்னொன்று. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்த தானியா சிங்கரும் அவருடைய குழுவினரும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பிறர் வலியை உணர மட்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு மன உளைச்சல் கூடியது. அக்கறையோடு அணுகும் பயிற்சி பெற்ற பிறகு, அதே துயரக் காட்சிகளைப் பார்க்கும்போதும் அவர்களுக்கு இதமான உணர்வு கூடியது. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறுவேறாக இருந்தன.

நாள் முழுக்க அடுத்தவர் வலியை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டால், ஒரு கட்டத்தில் மனம் வாசலைச் சாத்திவிடும். உங்கள் மனம் செய்திருப்பதும் அதுவாக இருக்கலாம். அந்த இளைஞர் இறந்த அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவர் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறீர்கள். உடலைத் துடைத்துவிட்டு, குடும்பம் பார்க்கும் முன்பு குழாய்களை எடுத்திருக்கிறீர்கள். இதையெல்லாம் ஒரே வரியில் எழுதித் தாண்டிப் போய்விட்டீர்கள். அழுகை வரவில்லை என்பதற்கு ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த அப்பாவுக்குத் தேவைப்பட்டது நீங்கள் கொடுத்த தண்ணீரும் நாற்காலியும்தான்.

இது வெறும் வேலைக்களைப்பா?

வேலையால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, நம்மால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளம். அந்தப் பட்டியல் இதை நோய் என்று சொல்லவில்லை, பணிச்சூழலோடு ஒட்டிய நிலை என்றே சொல்கிறது. ஓய்வும் பணிச்சுமைக் குறைப்பும் இதற்குப் பெருமளவு உதவும்.

ஆனால் நீங்கள் சொல்வதில் அதற்கு மேலும் சில உண்டு. அலாரம் சத்தத்துக்கு அதிர்வது, அந்த பிளாக்கைத் தவிர்த்துச் சுற்றிப் போவது, அந்த இரவு கண்முன் திரும்பத் திரும்ப வருவது, தூக்கம் கெடுவது, பாசம் வைத்தவர்களிடமும் உணர்வு மரத்துப்போவது. இவை சேர்ந்து வரும்போது, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பா என்று பார்த்தே ஆக வேண்டும். பி.டி.எஸ்.டி. என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கூடவே மனச்சோர்வு நோயும் இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். நேரில் பரிசோதிக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். லீவு போட்டு ஊருக்குப் போய் வந்தால் இது சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டீர்கள். உங்களுக்கு மட்டும் இல்லை. 2020 தொடக்கத்தில் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவர்கள், செவிலியர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன, மூன்றில் ஒருவருக்குத் தூக்கமில்லை. 2003-ல் டொராண்டோவில் சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த பணியாளர்களிடம் ஓராண்டு, இரண்டாண்டு கழித்துக் கேட்டபோதும், சார்ஸ் வராத ஊர் மருத்துவமனைப் பணியாளர்களைவிட அதிகச் சோர்வும் உளைச்சலும் இருந்தன. தொற்று ஓய்வதும் மனம் ஆறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை.

மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் உங்களிடம் பேசவில்லை, அவ்வளவுதான். நீங்களும் அவர்களிடம் பேசவில்லையே. அந்த இரவு உங்களோடு இருந்த தோழி ஒப்பந்தச் செவிலியர் என்றும், இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோவிட் காலத்தில் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடித்துவைக்கப்பட்டது. ஒன்றாகப் போராடியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு முறைகூடப் பேசாமலே பிரிந்துபோனார்கள். கை தட்டினோம், விளக்கேற்றினோம், தெய்வம் என்றோம். தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவர் எனக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல இடமே இல்லாமல் போகிறது. இது நம் எல்லோருடைய பொறுப்பு என்று நினைக்கிறேன். முடிந்தால் அந்தத் தோழியைத் தேடுங்கள். அந்த வார்டை விளக்கிச் சொல்லத் தேவையில்லாமல் நீங்கள் பேசக்கூடிய ஒருவர் அவர்தான்.

அல்ப்ரசோலம் பற்றி

இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோழி நல்ல எண்ணத்தில் கொடுத்திருப்பார். ஆனால் அது பழக்கமாகிவிடும் மாத்திரை. நாள் போகப்போக அதே அளவு போதாமல் போகும், பகலில் மந்தமாக்கும், உணர்வு மரத்துப்போனதை இன்னும் கூட்டும். அதிர்ச்சிக்குப் பின் வரும் பாதிப்புக்கு அது சரியான சிகிச்சையும் இல்லை. அதற்காக இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். தினமும் எடுத்து வந்ததைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பல மடங்காகும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முறையான சிகிச்சை என்பது பெரும்பாலும் பேச்சு சிகிச்சைதான். அந்த நினைவைப் பாதுகாப்பான முறையில், கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மாத்திரை சேர்ப்பார்கள். அது அல்ப்ரசோலம் போல ஏக்கம் பிடிக்க வைப்பதில்லை. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான்.

மருத்துவரைப் பார்த்தால் வேலை போய்விடுமா?

போகாது. மனநல சிகிச்சை எடுத்துக்கொள்கிறார் என்பதற்காக மட்டும் ஒரு செவிலியரின் பதிவை ரத்து செய்ய முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23-ன்படி உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் சட்டக் கடமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. பிரிவு 21 மனநோயையும் உடல்நோயையும் சமமாக நடத்தச் சொல்கிறது, மருத்துவக் காப்பீட்டிலும் அப்படியே. பணிக்காலத்தில் ஒருவருக்கு மாற்றுத்திறன் நிலை ஏற்பட்டாலும் அரசு அவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி குறைக்கவோ கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20 சொல்கிறது. உங்கள் நிலை அவ்வளவு தூரம் போகவில்லை. பயம் போவதற்காகச் சொல்கிறேன்.

சட்டம் ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம் என்பதும் எனக்குத் தெரியும். மெடிக்கல் லீவு எடுத்தால் சான்றிதழ் பல மேசைகளைத் தாண்டிப் போகும், பேச்சு கிளம்பும். அதனால் உங்கள் மருத்துவமனையிலேயே பார்க்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சான்றிதழில் எந்த அளவு விவரம் எழுத வேண்டும் என்பதை அந்த மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது தவறே இல்லை.

ராஜினாமா

இப்போது வேண்டாம். மனம் இந்த நிலையில் இருக்கும்போது எடுக்கும் எந்தப் பெரிய முடிவும் களைப்பு எடுத்த முடிவாகத்தான் இருக்கும். அரசுப் பணியை ராஜினாமா செய்தால் இத்தனை ஆண்டுப் பணிக்காலத்தின் பலன்கள் கைவிட்டுப் போகலாம், திரும்பி வருவதும் எளிதல்ல. அதற்கு முன்னால் பல படிகள் உண்டு. முதலில் சிகிச்சை. கூடவே சில வாரங்கள் லீவு. அப்புறம் நைட் டூட்டியைக் குறைக்கவோ, புறநோயாளிப் பிரிவு, தடுப்பூசிப் பிரிவு போன்ற இடத்துக்குச் சில மாதம் மாற்றவோ நர்சிங் சூப்பரிண்டெண்டன்ட்டிடம் எழுத்தில் கேட்கலாம். சிகிச்சை எடுத்து, தூக்கம் திரும்பி, ஆறு மாதம் கழிந்த பிறகும் இந்த வேலை வேண்டாம் என்று தோன்றினால், அப்போது விடுங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை. செவிலியர் பணியை விடுவது பாவம் என்று உங்கள் மாமியார் சொன்னதை நான் ஏற்கவில்லை.

வேலையில் இருக்கும்வரை ஒன்று செய்து பார்க்கலாம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். ஒரு நோயாளி இறந்ததும், அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் போல அப்படியே நின்று, இவரும் ஒருவருக்கு மகன், ஒருவருக்கு அப்பா என்று நினைத்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போவார்கள். பணமோ அனுமதியோ தேவையில்லை. உங்கள் ஹெட் நர்ஸ் சம்மதித்தால் அந்த இளம் செவிலியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மகன்

இதற்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கடினம். பழைய ரெக்கார்டில் அவர் நம்பர் கிடைக்கும் என்கிறீர்கள். நோயாளியின் ஆவணத்திலிருந்து நம்பர் எடுத்துத் தனிப்பட்ட முறையில் பேசுவது ரகசியக் காப்பு மீறல், நடவடிக்கைக்கு இடமுண்டு. அதைவிட முக்கியம் அந்த மகன். அவர் அம்மாவை இழந்து எப்படியோ தேறி வந்திருக்கலாம். அம்மா கடைசியாகத் தன்னைப் பார்க்கக் கேட்டார், அது நடக்கவில்லை என்ற செய்தி ஒரு மத்தியான நேரத்தில் போனில் வந்தால் அவருக்கு என்ன ஆகும்? நீங்கள் இறக்கி வைக்கும் பாரத்தை அவர் தூக்க வேண்டி வரலாம். இன்னொரு பக்கம், அம்மா கடைசிவரை தன் பெயரைச் சொன்னார் என்று கேட்பது சில பிள்ளைகளுக்கு ஆறுதலாகவும் இருக்கும். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் நீங்களாகத் தேடிப் போக வேண்டாம். என்றாவது அவரே மருத்துவமனைக்கு வந்து அம்மாவைப் பற்றிக் கேட்டால், நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். அதுவரை, அவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதுங்கள். அனுப்ப வேண்டாம். சிகிச்சையில் உங்கள் ஆலோசகரிடம் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டலாம் என்று தோன்றினால் காட்டுங்கள். "எல்லாத்தையும் மறந்துடு" என்று அவர் சொல்வது அன்பினால்தான், ஆனால் அது உங்களைப் பேசவிடாமல் செய்கிறது. முதல் முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள்.

போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துச் செல்லுங்கள், எத்தனை மாதமாக, எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கம், அலாரம் பயம், அந்த பிளாக்கைத் தவிர்ப்பது, மகளிடம் நடந்தது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், நேரில் வாய் வராமல் போகலாம். ஒருவேளை வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே கணவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104-லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அப்படி எண்ணம் எதுவும் இல்லையென்றால், இந்த வாரமே ஒரு நாள் சி.எல். போட்டுவிட்டு ஓ.பி.க்குப் போய்விடுங்கள்.